கூட உட்கார்ந்தவர் யார்? தகடூர் முதல் பாப்பாரப்பட்டி வரை

தருமபுரிப் பக்கம் சிநேகிதர்களோட ரெண்டு நாள் போயிட்டு வரலாம்னு இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஒகேனக்கல். பரிசல் சவாரி, எண்ணெய்க் குளியல், பொரித்த மீன், திரும்பி வந்துடலாம். ஒகேனக்கல்லை நான் குறை சொல்லவில்லை. ஆனா இந்த மண்ணில் நண்பர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதுக்கும், பாட்டு கேட்டதுக்கும், கூத்து பார்த்ததுக்கும் ஈராயிரம் வருஷத்துக்கு மேலே நீளும் ஒரு கதை இருக்கு. அதை யாரும் சுற்றுலாப் பட்டியலில் போடுவதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியது. ஒரு ஊரின் கலையையும் சாப்பாட்டையும் சிநேகிதத்தையும் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக "என்ன சாப்பிட்டாங்க, என்ன ஆடினாங்க" என்று கேட்போம். நான் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன்: பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? யாரை உட்கார விடவில்லை? இந்த ரெண்டு கேள்வியும் இல்லாமல் எழுதினால் சாப்பாட்டு வரலாறு வெறும் சமையல் குறிப்பாகிவிடும்.

அதியமான் ஊற்றிய கள்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அங்கே ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும். ஔவைக்கு அவன் கனி கொடுத்ததை புறநானூறு 91ஆம் பாட்டு சொல்கிறது. ஆனா ஔவை என்றதும் நம் கண்முன் வருவது கோலூன்றிய பாட்டி. 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் வந்த தோற்றம் அப்படியே நிலைத்துவிட்டது. சங்க காலத்து ஔவை வேறு ஆள். பாணரோடும் விறலியரோடும் ஊர் ஊராகப் போனவர், அரசனிடம் உரிமையோடு பேசியவர், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் (புறம் 95). அவர் பாட்டில் கள்ளும் உண்டு, கறியும் உண்டு.

அதியமான் இறந்தபின் அவர் பாடிய 235ஆம் பாட்டை எடுத்துப் பாருங்க. அது ஓர் இரங்கற்பா. ஆனா அரசனின் வெற்றிகளைப் பட்டியல் போடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவன் எப்படி நடந்துகொள்வான் என்றுதான் ஆரம்பிக்கிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தான் குடித்து மகிழ்வான். சோறு கொஞ்சமானாலும் பல தட்டுகளோடு, நிறைய ஆனாலும் பல தட்டுகளோடுதான் உண்பான். எலும்போடு கூடிய நல்ல கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு; அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் அவனுக்கு. வாசனை மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். அப்படிப்பட்டவன் மார்பைத் துளைத்த வேல், பாணரின் உண்கலத்தையும் இரப்பவர் கையையும் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் புலவரின் நாவில் போய் விழுந்தது என்கிறார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ரெண்டு. ஒன்று, பாட்டும் சாப்பாடும் தனித்தனி இல்லை. நாங்கள் பாடினோம், அவன் குடித்து மகிழ்ந்தான் என்பது ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. இன்று நாம் 'கலை நிகழ்ச்சி' ஒரு அரங்கில், 'விருந்து' இன்னொரு கூடத்தில் என்று பிரித்து வைத்திருக்கிறோம். அன்று ரெண்டும் ஒரே பந்தி. இன்னொன்று, பரிமாறும் வரிசை. அரசன் கடைசியில் எடுத்துக்கொள்கிறான். வாசனைக் கை, புலால் தலை என்ற வேறுபாட்டை ஔவை மறைக்கவில்லை. அந்த வேறுபாட்டைத் தாண்டி அந்தக் கை நீண்டதைத்தான் சொல்கிறார். அவர்கள் சமமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுப்பவன் அரசன், வாங்குபவர் பாடுநர். ஆனா தொடுவதற்கு அங்கே தடை இல்லை.

101ஆம் பாட்டு இன்னும் நம்ம அனுபவத்துக்குப் பக்கத்தில் வரும். ஒருநாள் ரெண்டுநாள் விருந்தாளியை யாரும் நல்லா கவனிப்பாங்க. பல நாள் பல பேரோடு போனாலும் முதல்நாள் காட்டிய அதே விருப்பத்தோடு இருப்பான் என்கிறார். மூணாம் நாள் சிநேகிதன் வீட்டில் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரியும்.

கல்லுக்கு ஊற்றிய கள்

சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் அந்த வெற்றியைப் பாடுகிறார். அந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று தனி நூலே இருந்தது. சில பாட்டுகள்தான் மிஞ்சின. அதியமான் இலக்கியக் கற்பனை இல்லை என்பதற்கு 1981இல் வலுவான சான்று கிடைத்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. அதியன் நெடுமான் அஞ்சி அந்தப் பாழியைக் கொடுத்தான் என்று சொல்வதோடு, அசோகன் கல்வெட்டுகளில் வரும் 'சதியபுத்திரர்' என்ற பட்டத்தையும் அவனுக்குத் தருகிறது. சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் விவாதத்துக்கு அந்த ஒரு வரி பதில் சொல்லிவிட்டது.

அவன் போனபின் ஔவை பாடிய இன்னொரு பாட்டு, புறம் 232. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்க மறுத்தவன், இந்தச் சின்னக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறார். ரெண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்க. கூட உட்கார்ந்து குடித்தவன் இப்போ கல். ஊற்றும் கை அப்படியே இருக்கு; மிச்சத்தைக் குடித்து மகிழ ஆள் இல்லை.

இந்த வழக்கம் பாட்டோடு நின்றுவிடவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்கள்தான் தமிழ்நாட்டில் நடுகல் அடர்ந்த பகுதி. ஆநிரை கவர்ந்தவர்களோடு சண்டை போட்டு மாண்டவன், ஊருக்காக நின்றவன் என்று பலர் கல்லாக நிற்கிறார்கள். வீரனின் வில், வாள், உடம்பில் தைத்த அம்பு எல்லாம் செதுக்கியிருக்கும். சில கற்களில் காலருகே ஒரு கெண்டியும் சிமிழும் இருப்பதைப் பார்க்கலாம். செத்தவனுக்கும் குடிக்க ஒரு பாத்திரம் வேணும் என்று நினைத்த சிற்பியின் கணக்கு அது. எடுத்தனூரில் ஒரு நடுகல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: எசமானோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயரோடு பதிவு செய்திருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் அது.

ஊர்க்காரங்களுக்கு இவை தொல்லியல் பொருள் இல்லை. பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன். பொங்கல் வைப்பாங்க, கிடா வெட்டுவாங்க, உறவு முழுக்க உட்கார்ந்து சாப்பிடும். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். போனால் நிதானமாகப் பார்க்கலாம். ஆனா கொல்லையோரத்தில் மஞ்சள் பூசி நிற்கும் வேடியப்பனைப் பார்த்தால்தான் அந்தக் கெண்டி எதற்கு என்று விளங்கும். சேலம் சாலையில் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலையும் தவறவிடாதீங்க. விதானத்தில் பழைய ஓவியங்கள், இராமாயண பாரதக் காட்சிகளோடு. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

விடிய விடிய

அந்தப் பாரதக் கதையே ராத்திரியில் மனிதர்களாக எழுந்து ஆடும் இடம் கூத்துக்களம். தெருக்கூத்தில் வடக்கத்தி, தெற்கத்தி என்று ரெண்டு பாணியைத்தான் சென்னைப் பக்கம் அதிகம் பேசுவாங்க. சேலம், தருமபுரிப் பகுதிக்குத் தனிப் பாணி உண்டு. மேற்கத்திப் பாணி என்று அதைச் சொல்வார்கள். அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த மாதங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கி வில்லிபாரதத்தைச் சொல்லி விளக்குவார். ராத்திரி சாப்பாடு முடிந்தபின் கூத்து தொடங்கினால் கிழக்கு வெளுக்கும் வரை ஓடும்.

மிருதங்கம், முகவீணை, தாளம், பின்னாளில் வந்து சேர்ந்த ஆர்மோனியம். முதலில் வருபவன் கட்டியங்காரன். அவன்தான் ராஜாவுக்குக் கட்டியம் சொல்பவன், அவனேதான் ராஜாவைக் கிண்டல் பண்ணுபவன். உள்ளூர்ச் செய்தி, சாலையில் இருக்கும் குழி, ரேஷன் கடை எல்லாம் துரியோதனன் சபையில் அவன் வாயால் வந்து விழும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது சின்னப்பிள்ளைகள் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காரும். அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான கம்பத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் போடும் எலுமிச்சையைப் பிடிக்கக் குழந்தை வரம் கேட்கும் பெண்கள் கீழே காத்திருப்பாங்க. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். பிறகு தீமிதி.

இது தனியாகப் பார்க்கும் கலை இல்லை. பாய், போர்வை, வறுத்த கடலை, கூட ரெண்டு கூட்டாளிகள் வேணும். ஒருத்தன் தூங்கினால் இன்னொருத்தன் எழுப்புவான். நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் கதை போகாது, ஏன்னா எல்லோருக்கும் கதை தெரியும். கதைக்காக இல்லை, அந்த ராத்திரிக்காகத்தான் வருகிறார்கள்.

ஆனா நம்ம கேள்வியை மறக்கக் கூடாது. அந்தப் பாய் எங்கே விரிக்கப்பட்டது? பல ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் ஊர்த்தெருவுக்குச் சொந்தம். சேரிக்காரர் தூரத்தில் நின்று பார்த்த காலம் நீண்டது. அது பழங்கதையும் இல்லை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் கோயிலுக்குள் வருவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைக்க வேண்டியதாயிற்று. ஐந்து பேருக்கு மனைவியாகி, சபையில் அவமானப்பட்டு நீதி கேட்டவளின் வாசலில்தான் இது நடந்தது. ஆடுவதும் ஆண்கள்தான், திரௌபதி உட்பட. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்து கற்றுக்கொடுத்தது அதனால்தான் பெரிய மாற்றமாகப் பார்க்கப்பட்டது.

களி உருண்டை

சாப்பாட்டுக்கு வருவோம். இது மானாவாரிப் பூமி. 1876-78 பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. தருமபுரி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965இல்தான். நெல் இங்கே விசேஷத்துக்கு. அன்றாடம் கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை. கொதிக்கும் உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கோலால் கிளறி, கட்டி தட்டாமல் உருட்டி எடுத்தால் களி. தமிழ்க்காரர் களி என்பதைத் தெலுங்குக்காரர் சங்கடி என்பார், கன்னடக்காரர் முத்தெ என்பார். மூன்று மொழியும் புழங்கும் மாவட்டம் இது, உருண்டை ஒன்றுதான். கீரைக் கடைசலிலோ கொள்ளுச் சாற்றிலோ தொட்டு முழுங்கணும், மெல்லக் கூடாது என்பது பெரியவங்க சொல்லும் விதி.

கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். கூட வைக்கிற மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் காலத்துக்குப் பின் வந்தவை. இன்று பாலக்கோடு தக்காளிச் சந்தை ஊரறிந்தது. 'நம்ம மண்ணின் சாப்பாடு' என்பதே பல கண்டங்கள் கூடி உட்கார்ந்த பந்திதான். கரும்பும் அப்படித்தான் வந்தது என்கிறார் ஔவை: இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் (புறம் 99).

அரிசி சோறு கௌரவமாகிக் களி ஏழைச் சாப்பாடாகக் கீழே இறங்கியது பிற்காலக் கதை. விருந்தாளி வந்தால் களி வைக்கக் கூச்சப்பட்ட தலைமுறை ஒன்று உண்டு. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நகரத்து ஓட்டல்களிலும் களி இப்போ 'ஸ்பெஷல்'. சக்கரம் ஒரு சுற்று வந்திருக்கு.

பாப்பாரப்பட்டிக்கு வந்த சிநேகிதர்

இப்போ பாப்பாரப்பட்டி. பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் ஒரு சின்னப் பேரூர். இந்த ஊர் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியக் காரணம் ஒருவர்: சுப்பிரமணிய சிவா.

1884இல் வத்தலகுண்டில் பிறந்தவர். 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சியோடு சேர்ந்து கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டினார். அந்த மார்ச் 12இல் கைதானார். பத்தாண்டு தண்டனை, மேல்முறையீட்டில் ஆறாண்டு. 1912இல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் ஏறியிருந்தது. அடுத்த வருஷமே 'ஞானபாநு' பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் ஒளிந்திருந்த பாரதியின் எழுத்து அதில் வந்தது. 'சின்னச் சங்கரன் கதை' அச்சேறியதும் அங்கேதான். சிநேகிதர்களை எழுத்தில் கூட்டி உட்கார வைக்க ஒரு பத்திரிகை போதும் என்று காட்டியவர் அவர்.

ஆனா அவரோடு பக்கத்தில் உட்கார ரயில் மறுத்தது. தொற்றுநோய்க்காரர் அனுமதியில்லாமல் ரயிலில் ஏறக் கூடாது என்று 1890 ரயில்வே சட்டம் சொன்னது. தொழுநோய்க்காரரான சிவா கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். டாப்சோன் மருந்து 1940களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அவர் காலத்தில் நோய்க்கு மருந்தும் இல்லை, நோயாளிக்கு இருக்கையும் இல்லை.

அவருக்கு இடம் கொடுத்தது பாப்பாரப்பட்டி. சின்னமுத்து முதலியார் போன்ற உள்ளூர் நண்பர்களின் துணையோடு நிலம் வாங்கி, பாரதபுரம் என்று பெயர் வைத்து ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில், எல்லா சாதி மதத்தாரும் வரக்கூடியதாக எழுப்பணும் என்பது அவர் ஆசை. 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். காசியில் காந்தி திறந்துவைத்த பாரத மாதா கோயில் 1936ஆம் வருஷத்தது என்பதை நினைத்துக்கொண்டால் இந்தச் சின்ன ஊரின் கனவு எவ்வளவு முந்தியது என்று தெரியும்.

அதே வருஷங்களில் தெற்கே என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைக்கணும். சேரன்மாதேவியில் வ.வே.சு.ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் ரெண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது வெளியே தெரிந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். சிறுவர்கள் எந்த இலையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற ஒரே கேள்வி தமிழ்நாட்டுக் காங்கிரசை உலுக்கியது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மூழ்கி மறைந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டார். 1941இல்தான் ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற வழக்கம் போனது. பந்தி ஒரு அரசியல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த ரெண்டு சம்பவங்களுக்கும் நடுவே, 1925 ஜூலை 22இல், சிவா மதுரையிலிருந்து பாப்பாரப்பட்டி வந்து சேர்ந்தார். 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. மறுநாள் 23ஆம் தேதி இறந்தார். வயசு 40. வீடு திரும்பணும் என்றால் வத்தலகுண்டு மதுரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் போனது சிநேகிதர்கள் இருந்த இடத்துக்கு. கோயில் அவர் காலத்தில் எழவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துத்தான் அரசு அங்கே ஒரு பாரத மாதா நினைவாலயம் கட்டியது. அவருக்கு மணிமண்டபமும் இருக்கு.

போறவங்களுக்கு

நாலைஞ்சு பேராகச் சேர்ந்து போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். காலையில் அருங்காட்சியக நடுகற்கள், பிறகு அதியமான்கோட்டை விதானம். மதியம் களி கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்க. சாயங்காலம் பாப்பாரப்பட்டி மணிமண்டபம். கோடையில் போனால் எந்த ஊரில் பாரதம் நடக்குது என்று டீக்கடையில் விசாரித்து, ஒரு ராத்திரி பாயில் உட்கார்ந்து பாருங்க.

உட்காரும்போது சுற்றிலும் ஒருமுறை பாருங்க. யார் முன்னால், யார் தூரத்தில், யார் வரவே இல்லை. பரிமாறுகிறவர் கடைசியில் எடுத்துக்கொள்கிறாரா, முதலிலேயே எடுத்துக்கொண்டாரா. ஔவை அதியமானிடம் பார்த்து எழுதி வைத்தது இதைத்தான்.

டீயில் போடும் சர்க்கரை கோபாலபுரம் ஆலையிலிருந்துகூட வந்திருக்கலாம். அதியமானின் முன்னோர் கொண்டுவந்ததாக ஔவை சொன்ன கரும்பை இந்த மாவட்டத்தில் அரைக்கும் அந்தக் கூட்டுறவு ஆலைக்கு சுப்பிரமணிய சிவா பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.